பிஸ்கட் டப்பாவில் போடாத சீட்டு

அந்தத் தகர டப்பாவைத் திறந்தால் பிஸ்கட் வாசனைதான் அடிக்கும். பிஸ்கட் தீர்ந்து எத்தனையோ வருஷம் ஆகியும், மூடியில் அப்பா கத்தியால் ஒரு துவாரம் போட்டு அதை எங்கள் ஓட்டுக்கூரை ஆலயத்தின் வாசலில் ஜெபச் சீட்டுப் பெட்டியாக வைத்த பிறகும், அந்த வாசனை போகவேயில்லை. யாருக்கு என்ன குறையோ அதை ஒரு சீட்டில் எழுதிப் போட்டுவிட்டால், ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அப்பா எழுந்து நின்று ஒவ்வொன்றாகப் படிப்பார். சபை முழுவதும் சேர்ந்து ஜெபிக்கும்.

அப்பா ஒரு அலுவலகத்தில் டைப்பிஸ்ட். அவருக்குப் பிரசங்கம் பண்ணவும் வராது, பாடவும் வராது. பாடினால் அம்மாவே முழங்கையால் இடிப்பாள். "மனுஷன் பொறந்ததுக்கு ஒரு வேலை இருக்கணும்ல? ஆண்டவர் எனக்குக் குடுத்தது இந்தச் சீட்டு படிக்கிறதுதான்" என்பார். சனிக்கிழமை சாயங்காலம் டப்பாவை வீட்டுக்குக் கொண்டுவந்து, சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு, பெரிய அதிகாரியின் முன்னால் உட்கார்ந்தவர் போல நிமிர்ந்து உட்கார்ந்து, ஒவ்வொரு சீட்டையும் இரண்டு தரம் வாசித்துப் பார்ப்பார்.

எழுபதுகளின் கடைசியில், நான் ஆறாம் வகுப்பில் இருந்தபோது, செங்கம் ரோட்டுக்குப் பின்னால் இருந்த எங்கள் வரிசை வீட்டின் அடுத்த "போர்ஷனுக்கு" கன்னியம்மா அத்தை குடிவந்தார். அடி அண்ணாமலைக்காரர். லாரி ஓட்டப் போன கணவரிடமிருந்து எட்டு மாதமாக ஒரு தகவலும் இல்லை. கொழுந்தன்மார் பேச்சுத் தாங்காமல் மகள் செல்வியைக் கூட்டிக்கொண்டு டவுனுக்கு வந்து, ஆசிரமம் பக்கம் வெள்ளைக்காரர்கள் தங்கும் அறைகளைப் பெருக்கித் துடைத்துப் பிழைத்தார். செல்வி என் வயசு. எனக்குக் கூடப்பிறந்தவர்கள் இல்லை. பள்ளிக்கூடம் போவதும் தண்ணீர் பிடிப்பதும் பேன் பார்ப்பதும் அவளோடுதான் என்று ஆகிவிட்டது.

பௌர்ணமி தவறாமல் மலை சுற்றிவந்த அத்தை, ஒரு நாள் என்னை உட்காரவைத்துச் சொன்னார்: "எங்க சாமிகிட்ட சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுப் போச்சு எஸ்தரு. உங்க சாமிகிட்டயும் ஒரு வார்த்தை போட்டு வை. அவரு எங்க இருந்தாலும் வூடு வந்து சேரணும். ஜாஸ்தி ஒண்ணும் வாணாம், அவ்ளோதான்." அவர் சொல்லச் சொல்ல நான் நோட்டுத் தாளில் எழுதினேன். "வந்துட்டார்னா மறுநாளே ஊருக்குப் போயிடுவோம்" என்று செல்வி குதித்தாள். நான் சீட்டை நாலாக மடித்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை டப்பாவுக்கு முன்னால் நின்றேன். கையில் சீட்டு. உள்ளே போட்டால் அப்பா படிப்பார், ஆண்டவர் கேட்பார், செல்வி போய்விடுவாள். இதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகம் இருக்கவில்லை; என் வாழ்நாளில் கடவுள் இருக்கிறார் என்று அவ்வளவு உறுதியாக நம்பியது அந்த ஒரு நிமிஷம்தான். அதனால்தான் போடவில்லை. சீட்டைப் பாட்டுப் புத்தகத்தின் அட்டைக்குள் செருகிக்கொண்டேன். "படிச்சாங்களா கண்ணு?" என்று மறுவாரம் அத்தை கேட்டபோது, "படிச்சாங்க அத்தை" என்றேன். அடிப்பாவி, எப்படித்தான் அவ்வளவு சுலபமாக வந்ததோ!

ஐந்தாவது வாரம் செல்வியின் அப்பா வந்துவிட்டார். நாக்பூர் பக்கம் விபத்தில் கால் முறிந்து, ஆஸ்பத்திரியில் ஆதரவில்லாமல் கிடந்தவர், கோலூன்றி நடந்து வந்தார். அடுத்த ஞாயிறு அத்தை தலை நிறையப் பூவும் நெற்றியில் குங்குமமுமாக எங்கள் ஆலயத்துக்கு வந்து, சாட்சி சொல்லும் நேரத்தில் எழுந்து நின்று, "எஸ்தரு எழுதி, சாரு படிச்ச சீட்டுதாங்க எம் புருசனைக் கூட்டியாந்துச்சு" என்று சொல்லிக் கும்பிட்டார். சபை அல்லேலூயா சொன்னது. எந்த வாரம் யார் சீட்டு படிக்கப்பட்டது என்று சபைக்கு நினைவிருக்காது. அப்பாவுக்கு இருக்கும். அவர் முகம் வெளிறியதை நான் பெண்கள் வரிசையிலிருந்து பார்த்தேன்.

வீட்டுக்கு வந்ததும் டப்பாவைக் கவிழ்த்துத் தட்டினார். சட்டைப் பைகள், பைபிள், மேசை இழுப்பறை என்று ஒன்று விடாமல் தேடினார். பிறகு என்னைக் கூப்பிட்டு, கோபமே இல்லாமல் கேட்டார்: "நீ டப்பால போட்டியாம்மா?"

"போட்டேன்பா."

"அப்போ நான்தான் தொலைச்சிருக்கேன்" என்றார். அதற்கு மேல் என்னைக் கேட்கவில்லை. பெற்ற பெண் பொய் சொல்வாள் என்று அவருக்குத் தோன்றவேயில்லை. அன்றே நான் சீட்டை வெந்நீர் அடுப்பில் போட்டுவிட்டேன்.

மறுவாரம் அப்பா டப்பாவைப் போதகரிடம் கொடுத்தார். "பார்வை கம்மியாயிடுச்சுங்க" என்று அவரிடம் சொன்னவர், அம்மாவிடம் மட்டும், "ஒரு பொம்பளையோட கண்ணீரைத் தொலைச்சவன் கையில இது இருக்கக் கூடாது" என்றார். அதன்பின் அவர் உயிரோடிருந்த பதினைந்து வருஷமும் கடைசி பெஞ்சில்தான் உட்கார்ந்தார். வேறொருவர் சீட்டுகளைத் தட்டுத்தடுமாறிப் படிக்கும்போது தலையைக் குனிந்துகொள்வார். அவள் அப்பா வந்த பத்தே நாளில் செல்வியும் ஊருக்குப் போய்விட்டாள். இதற்குத்தானா இத்தனையும் செய்தேன்?

சீட்டே போகாமல் அந்த மனிதர் வந்துவிட்டாரே, அப்படியானால் கேட்பதற்கு ஒருவரும் இல்லையா, இல்லை, சீட்டுக்குக் காத்திராமலே கேட்கிறவர் ஒருவர் இருக்கிறாரா என்று வயசான பிறகும் குழம்பியிருக்கிறேன். அதை நான் கேட்டிருக்கக்கூடிய ஒரே ஆள் அப்பா. கேட்டால் மற்றதையும் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரியில் கடைசி நாட்களில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக் கொடுத்தேன், இதை மட்டும் சொல்லவில்லை.

இப்போது அந்த ஓட்டுக்கூரை ஆலயம் இல்லை. கான்கிரீட் கட்டடம் எழும்பியிருக்கிறது. டப்பா எங்கே போனதென்று யாருக்கும் தெரியவில்லை. ஜெப விண்ணப்பமெல்லாம் போனில் வருகிறது. எங்கள் வரிசை வீடு இருந்த இடத்தில் ஒரு லாட்ஜ். போன மாதம் அடி அண்ணாமலைக்குப் போனேன். கிரிவலப் பாதையில் செல்வி வைத்திருக்கும் கடையில், தண்ணீர் பாட்டில்களுக்கு நடுவே கன்னியம்மா அத்தை உட்கார்ந்திருந்தார். காது மட்டும் கொஞ்சம் மந்தம். எல்லாவற்றையும் சொன்னேன்; சில இடங்களில் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது.

அத்தை பொக்கைவாய் தெரியச் சிரித்தார். "அட, போம்மா! நான் சொல்லச் சொல்ல நீ எழுதுனியே, அப்பவே சாமி காதுல வுழுந்துடுச்சு. டப்பால போட்டாத்தான் தெரியுமா அவருக்கு?"

நாற்பது வருஷச் சுமை இறங்கியது போல எனக்கு அழுகை வந்தது. முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டவர், ஏதோ நினைவு வந்தவராக, "ஐயோ, உங்கப்பா தான்தான் தொலைச்சோம்னு இருந்தாரே. சாவறதுக்கு முன்ன அவருகிட்ட சொல்லிட்டியா கண்ணு?" என்று கேட்டார்.

"சொல்லிட்டேன் அத்தை" என்றேன்.

"அப்போ சரி. மனுசன் நிம்மதியாப் போயிருப்பாரு."

நான் தலையாட்டினேன்.