எல்லா விண்டோஸிலும் சோதிக்கப்பட்டது

டெக்ஸ்ட் எடிட்டரில் தமிழ் தட்டச்சு செய்ய ஒரு சின்ன இணைப்பு நிரல் எழுதி இணையத்தில் போட்டிருந்தேன். அதன் விவரக் கோப்பில், எல்லா விண்டோஸிலும் சோதித்ததாக எழுதினேன். முழுப் பொய். சோதித்தது என் கணினியில் மட்டும்தான். பெருமைக்கு வீட்டு முகவரியையும் சேர்த்திருந்தேன்.

காளவாசலில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் ஒருவர் அதை நம்பி ஏற்றியிருக்கிறார். எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாக வந்திருக்கிறது. சிபியுவைப் பெட்ஷீட்டில் சுற்றி, டவுன் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு திருநகரில் என் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"எம் மிஷின்லதான் ஏதோ கோளாறு போல தம்பி. நீங்க டெஸ்ட் பண்ணித்தான போட்டிருப்பீக" என்றார்.

அவரிடம் இருந்தது பழைய விண்டோஸ். அதில் நான் ஓட்டிப் பார்த்ததே இல்லை.

"ஆமாண்ணே, மிஷின் பழசு" என்றேன்.

தொந்தரவு கொடுத்துவிட்டவர்போலச் சிரித்து, மறுபடி பெட்ஷீட்டைச் சுற்றத் தொடங்கினார். முடிச்சுப் போட நான்தான் பிடித்துக் கொடுத்தேன்.