முதலில் மாத்திரை, பிறகு வண்டி

என் மருமகள் மாத்திரை விழுங்கும் அந்த ஒரு நொடி, நகரத்தின் போக்குவரத்தே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். சரி, நகரம் இல்லை. அவள் ஓட்டும் பேருந்து மட்டும். விழுங்காமல் வண்டியைக் கிளப்ப மாட்டாள். பின்னால் யாராவது முணுமுணுத்தால் கண்ணாடியில் பார்த்தபடியே, "என் இன்ஜினுக்கு ஆயில் ஊத்திக்கறேன், இருங்கப்பா" என்பாள்.

பெரிய குரல், பெரிய சிரிப்பு, சீப்புக்கு அடங்காத முடி. பிரேக் பிடிக்கும்போது நாக்கைக் கடிப்பாள். காய்ச்சல் என்று ஒருநாள் படுத்தவள் இல்லை. அதனால்தான், கர்ப்பத்தின்போது எடுத்த ரத்தப் பரிசோதனையில் ஹெபடைடிஸ் பி என்று வந்ததும் டாக்டரிடமே மல்லுக்கு நின்றாள்.

"எனக்கு ஒண்ணுமே பண்ணலையே டாக்டர்!"

"கல்லீரல் வாய்விட்டு அழாதும்மா. இப்போ குழந்தைக்குப் போகாம பார்க்கணும்."

அன்று தொடங்கியது மாத்திரை. என் மகனையும் என்னையும் பரிசோதனைக்கு அவளே இழுத்துப் போனாள். "இந்த வயசுல எனக்கெதுக்குடி?" என்று நழுவப் பார்த்தேன். "கிருமி வயசு கேட்டுட்டா வருது? ஏறுங்க அத்தே!" எங்களுக்கு ஒன்றுமில்லை, தடுப்பூசியோடு தப்பித்தோம்.

பேத்தி பிறந்த சூட்டோடு இரண்டு தொடையிலும் ஊசி. அப்படியும் மருமகளுக்குப் பயம் தெளியவில்லை. தனக்கென்று தனித் தட்டு, தனி டம்ளர். முத்தம்கூடக் குழந்தையின் உள்ளங்காலோடு சரி. "தட்டுலயும் முத்தத்துலயும் இது ஒட்டாதும்மா, ரத்தத்தாலயும் தாம்பத்தியத்தாலயும்தான் பரவும். தாராளமா பால் கொடு, கொஞ்சு!" என்று நர்ஸ் தலையில் அடித்துக்கொண்டாள். பால் கொடுத்தாள். மற்றதற்கெல்லாம் ஒரே பதில்: "ரிசல்ட் வரட்டும்."

பேத்திக்கு ஒரு வயதாகும் சமயம், மிச்ச ஊசிகளும் முடிந்து ரத்தம் எடுத்தார்கள். டாக்டர் நிதானமாகக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். எனக்கு அவரைக் கிள்ளலாம் போலிருந்தது.

"குழந்தைக்குக் கிருமி இல்ல. எதிர்ப்புச் சக்தியும் நல்லா வந்திருக்கு. உன் ரத்தத்துலயும் இப்போ கிருமி அகப்படல. ஆனா கல்லீரல்ல கொஞ்சம் தழும்பு இருக்கு, மாத்திரையை நிறுத்திடாத."

"நானா நிறுத்துவேன்!" என்று போட்டாள் ஒரு சத்தம். பேத்தியைக் கன்னம் மாற்றிக் கன்னம் முத்தமிட்டாள். வெளியே வந்து, நடைவழியில் அவளைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினாள். காத்திருந்த இருநூறு பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

அன்று எங்களோடு வந்திருந்த என் மகன், நான் எழுதுவதை எட்டிப் படித்துவிட்டுச் சொல்கிறான்: "அம்மா, இருந்ததே ஏழு பேர். அதுல ஒருத்தர் தூங்கிட்டிருந்தார். இவ போட்ட சத்தத்துல முழிச்சு, என்ன ஏதுன்னு தெரியாமயே அவரும் தட்டினார்."