தேவதைக்கு ஆகாத முகம்

"வெயில் கறுப்பு போயிடும்க்கா" என்று குரோம்பேட்டை பார்லர் பெண் என் மகளின் முகத்தருகே கிண்ணத்தைக் கொண்டுவந்தாள். தயிரில் குழைத்த கடலை மாவு வாசனையில் எனக்குப் பழைய கோபம் மூண்டது.

அஸ்தினாபுரம் சர்ச்சுக்குப் பின்னால், இப்போது கார்கள் நிற்கும் இடத்தில், ஒரு தகரக் கொட்டகை இருந்தது. மே மாத வேதாகம வகுப்பில், அனலடிக்கும் அந்தத் தகரத்தின் கீழே வியர்க்க வியர்க்கப் பாடி, நாடகத்துக்கு ஒத்திகை பார்ப்போம். நான்தான் தேவதை.

"வெயில்ல இவ ரொம்பக் கறுத்துட்டா. ஏஞ்சலா வேற யாராவது நடிக்கட்டும்" என்றார் டீச்சர், அம்மாவிடமே.

அம்மா அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து என் முகத்தில் இதே மாவை அப்பினாள்.

கழுவிவிட்டு மொட்டை வெயிலில் போய் நின்றேன். "உள்ள வாடி, இன்னும் கறுத்துடுவே" என்று அவள் கத்தக் கத்த நின்றேன்.