அருவிக்கு மேலே பதினொரு மீன்கள்

வலையிலிருந்து எடுத்துத் தட்டில் போட்டபோது பதினொன்று இருந்தன. ஒவ்வொன்றும் என் சுண்டுவிரல் நீளம். எல்லாமே ஜிலேபி.

கல்வராயன் மலையில், அருவிக்கு மேலே இருந்த அந்தப் பாறைக் குழியில் ஜிலேபி இருக்க வழியில்லை. ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டு, கீழே கோமுகி அணையிலும் கள்ளக்குறிச்சியைச் சுற்றியுள்ள ஏரிகளிலும் பெருகிவிட்ட மீன் அது. அருவியில் ஏறி மேலே வர அதனால் முடியாது. வெளியிலிருந்து வந்த மீன்கள் எதுவரை பரவியிருக்கின்றன என்று பார்ப்பதற்காகத்தான் எங்கள் கூட்டுக் கணக்கெடுப்பே நடந்தது. கடலூரிலிருந்து ஒரு பேராசிரியர் படிவங்களை அனுப்புவார். அந்தந்த ஊர்க்காரர்கள் சேர்ந்து வலை போட்டு, நிரப்பி அனுப்புவோம். எங்கள் பகுதிக்கு மூன்று பேர்: பள்ளியில் உயிரியல் நடத்தும் நான், மீன்வள ஆய்வாளர் ஒருவர், கடைவீதியில் மீன் விற்கும் பாய். எழுதுவது என் வேலை. ஜீப் ஆய்வாளருடையது. மீனை அடையாளம் சொல்வதில் பாயை மிஞ்ச எங்கள் இருவராலும் முடியாது.

ஏழு வாரங்களுக்கு முன், முதல் சுற்றில், அதே குழியில் ஒரு ஜிலேபிகூட இல்லை.

ஆய்வாளர் தட்டைப் பார்த்தார். பிறகு, குழியிலிருந்து போகும் வாய்க்காலையும் அது சென்று சேரும் குட்டையையும் பார்த்தார். அந்தக் குட்டை அங்கே குடியிருக்கும் ஒரு விவசாயியுடையது. அவரும் மனைவியும் சேர்ந்து வெட்டியது. இரண்டு வருடமாக அதில் ரோகு வளர்த்துவந்தார்கள். மழை முடிந்ததும் பிடிப்பதாக இருந்தார்கள். குட்டையிலும் வலை போட்டோம். நான்கு ஜிலேபி வந்தன.

"இன்னாய்யா இது? சந்தையில வாங்கியாந்து வுட்டுட்டியா?" என்றார் ஆய்வாளர்.

"நான் வுடலீங்க. இந்த மீன நான் பாத்ததே கெடையாது. அன்னிக்கி டீச்சர் காட்டினாங்களே, அப்பதான் பாத்தேன்," என்றார் விவசாயி.

"பாத்ததும் ஆச வந்துருச்சா?"

பாய் குறுக்கே புகுந்தார். "ஏன் சார், ரோகு மட்டும் இந்த மலையிலயா பொறந்துச்சி?"

"அது கவர்மென்ட் குடுத்தது பாய். நீங்க சும்மா இருங்க."

அருவிக்கு மேலே ஜிலேபி தெரிந்தால் உடனே அழிக்க வேண்டும் என்று ஆய்வாளருக்கு உத்தரவு இருந்தது. ஜீப்பில் இரண்டு மூட்டை பிளீச்சிங் பவுடர் தயாராக இருந்தது. பாறைக் குழி சிறியது, அதில் வலையை இழுத்தே முடித்துவிடலாம். குட்டை அப்படியல்ல. பவுடரைப் போட்டால் ஜிலேபியோடு ரோகுவும் மொத்தமாகச் செத்து மிதக்கும்.

மணி ஒன்று இருபது. அது இடஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த வருடம். உளுந்தூர்பேட்டைச் சாலையில் மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். அன்று ஒரு நாள்தான் வழி திறந்திருந்தது. மாலையே மறுபடி மறியல் தொடங்கும் என்று கீழே பேசிக்கொண்டார்கள். "நாலு மணிக்குள்ள கச்சிராயபாளையம் தாண்டணும்" என்று ஆய்வாளர் நூறு முறை சொல்லியிருப்பார். மூட்டையின் வாயை அறுத்தபடியே என்னிடம் சொன்னார்: "எப்படி வந்துதுங்கிற கட்டத்துல இவரு பேர எழுதிடுங்க டீச்சர்."

எழுதுவதற்கு முன், முதல் சுற்றில் குழித் தண்ணீரின் வெப்பம் என்னவென்று பார்க்க என் நாட்குறிப்பைப் புரட்டினேன். எதையும் ஒப்பிடாமல் எழுதும் பழக்கம் எனக்கில்லை. அந்த நாளின் பக்கத்தில் இப்படி இருந்தது:

"காலை 6.10. கோமுகி அணை. பாய் எடுத்துக் கொடுத்த ஜிலேபி ஒன்று, பால் கேனில். தொண்டை பருத்திருக்கிறது."

"11.40. பாறைக் குழி. மீன் மேலே வந்து வாயைத் திறக்கிறது. கேன் தண்ணீரைக் குழியில் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் பிடித்தேன்."

"மாலை 3.15. தொண்டைப் பருமன் இல்லை."

மூன்று வரிகளும் என் கையெழுத்து. மூன்றையும் எழுதியும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

அந்த முறை, மக்களுக்குக் காட்டுவதற்காகப் பாட்டிலில் போட்டுப் பாடம் செய்த மீன் கடலூரிலிருந்து வர வேண்டியிருந்தது. மறியலில் லாரி நின்றுவிட்டது. "உசுரோட ஒண்ணு எடுத்துக்கினு போங்க டீச்சர். செத்த மீனு எல்லாம் ஒரே மாரிதான் இருக்கும்" என்று பாய்தான் யோசனை சொன்னார். நல்ல கொழுத்ததாகப் பொறுக்கியும் கொடுத்தார். அது கொழுப்பல்ல. ஜிலேபிப் பெட்டை தன் குஞ்சுகளை வாய்க்குள் வைத்துக் காக்கும். மூச்சு முட்டினால் துப்பிவிடும். இதை எத்தனையோ வருடம் கரும்பலகையில் படம் போட்டு நடத்தியிருக்கிறேன். இந்த மீனைப் பார்த்தீர்களா என்று கேட்கப் போன நானே அதை மலைமேல் கொண்டுபோய் விட்டிருக்கிறேன்.

பாயைத் தனியே அழைத்து மூன்று வரிகளையும் படித்துக் காட்டினேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"நான் இல்ல பொறுக்கிக் குடுத்தேன்!" என்றவர் குரலைத் தாழ்த்தினார். "இத இங்க சொல்லணுமா? அந்தாளு பேர எழுதாம வுட்டா போதாதா?"

போதாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் நோட்டை மூடிக் கையில் வைத்துக்கொண்டேன். பாயைத் தவிர யாருக்கும் அதிலிருப்பது தெரியாது. ஆய்வாளர் மூட்டையைக் கரைக்கு இழுத்துப் போனார். விவசாயியின் மனைவி அதன் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு விட மறுத்தாள்.

"சார், நிறுத்துங்க. கொண்டாந்தது நான்தான்," என்றேன்.

அவர் கேட்டு முடித்தார். கோபப்படவில்லை. "யாரு வுட்டா இன்னா டீச்சர்? மீனு குட்டையில கீது. போட்டுத்தான் ஆவணும்."

அவர் சொன்னது சரி. என் பிழையை ஒப்புக்கொண்டதால் குட்டை தப்பிவிடாது.

விவசாயி, "கரைய வெட்டி வடிச்சுட்றேன். வெட்டின எடத்துல வலையக் கட்டி ஒண்ணு வுடாம பொறுக்கித் தர்றேன்," என்றார். அவர் என்னைப் பார்க்கவில்லை.

"எவ்ளோ நேரம் ஆவும்?"

"பொழுது சாஞ்சிடும்."

"நான் இருக்க முடியாது." ஆய்வாளர் என் பக்கம் திரும்பினார். "ஒண்ணு வுடாம பொறுக்குறது உங்க பொறுப்புன்னு எழுதிக் குடுங்க. வழி தொறந்ததும் வருவேன். ஒரே ஒரு ஜிலேபி கெடச்சாலும் மூட்டையக் கொட்டிடுவேன்."

எழுதிக் கொடுத்தேன். இரண்டு ஐந்துக்கு ஜீப் புறப்பட்டது. பாயும் நானும் தங்கி, முதலில் பாறைக் குழியில் வலை வெறுமையாக வரும்வரை இழுத்தோம்.

வாய்க்கால் ஓரமாக ஒரு பள்ளம் வெட்டி, ரோகுக்களை அதில் விட்டார்கள். குட்டை வடிந்தபின் சேற்றில் மண்டியிட்டுத் தடவினோம். பாய் கல்லைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். இன்னும் பத்தொன்பது ஜிலேபி அகப்பட்டன. கடைசி ஒன்று மாட்டின் குளம்புக் குழியில் ஒரு விரற்கடைத் தண்ணீரில் கிடந்தது. அதைப் பார்த்ததும் எனக்கிருந்த நம்பிக்கையெல்லாம் போய்விட்டது. அப்படி எத்தனை குளம்புக் குழிகளோ. சேற்றை ஒரு பகல் முழுதும் காயவிட்டு, வாய்க்கால் வாயில் துணி கட்டி, மறுபடி தண்ணீர் விட்டார்கள்.

வழி திறக்க ஆறு நாள் ஆயிற்று. மலைப் பள்ளியின் வகுப்பறையில் எனக்கு இடம் கொடுத்தார்கள். பள்ளத்தில் இடம் போதாமல் தினமும் ஒன்றிரண்டு ரோகு செத்தன. விவசாயியின் மனைவி அவற்றைக் கழுவி எங்களுக்கே குழம்பு வைத்தாள். அதைச் சாப்பிடுவது எனக்குத் தண்டனையாக இருந்தது.

ஏழாம் நாள் ஆய்வாளர் வந்தார். குட்டையில் ஐந்து முறை வலை இழுத்தார். தவளைக் குஞ்சுகள்தான் வந்தன. ஆறாவது முறையும் இழுத்துவிட்டு, மூட்டையை இறக்காமலே ஜீப்பில் ஏறி உட்கார்ந்தார்.

"இன்னா சார், மூட்ட எறங்கலியா?" என்றார் பாய். ஆய்வாளர் சிரித்துவிட்டார்.

உடனே ரோகுக்களைக் குட்டைக்கு மாற்றத் தொடங்கினார்கள். பள்ளத்தருகே குடங்கள் வரிசையாக நின்றன. நானும் ஒன்றை எடுத்து இடுப்பில் வைத்தேன். உள்ளே ஒரு மீன் அடித்துக்கொண்டது. விவசாயி வந்து குடத்தை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். குரலில் சினம் ஏதுமில்லை.

"நீங்க தூக்காதீங்க டீச்சர். மீன நாங்களே எடுத்துக்கினு போறோம்."