கடைக்காணிக்கும் ஒரு முறை

நெல் பதமாக அவிந்துவிட்டதை மணத்திலேயே சொல்லிவிடுவார் இரஞ்சிதம். முரசுமோட்டையில் வயல் செய்யும் கமக்காரர் பங்கு போட்டு நடத்திய அரிசி ஆலையில் அவித்தல் பகுதி முழுக்க அவர் பொறுப்பு. ஆணாகப் பிறந்து, முத்துலிங்கம் என்று பெயர் வைக்கப்பட்டு, இருபத்திரண்டு வயதில் சேலை உடுத்தவர். ஊர் சிரிக்கத்தான் சிரித்தது. அரிசி உடையாமல் வரத் தொடங்கியதும் சிரிப்பு அடங்கிவிட்டது. சோறு நன்றாயிருந்தால் வாய்க்கு வேறு வேலை ஏது!

2004இல், போர் ஓய்ந்திருந்த சமாதான காலத்தில், புது இயந்திரம் தர வந்த உதவி நிறுவனம் ஒரு யோசனை சொன்னது: ஏழு இயக்குநர் கதிரைகளில் ஒன்றை இரஞ்சிதம் போன்றவர்களுக்கு ஒதுக்கினால் என்ன? கட்டாயமில்லை, பங்குதாரர்களே முடிவெடுக்கட்டும். இரஞ்சிதத்துக்கு அந்தக் கதிரை வேண்டும். இத்தனை வருட உழைப்புக்குப் பிறகும் ஒருவராவது தன்னை முன்மொழியவில்லையே என்று அவருக்குச் சரியான கோபம்.

கூட்டத்தில் தலைவர் கனகலிங்கம் வெட்டொன்று துண்டிரண்டாகச் சொன்னார்.

"திறமைக்குத்தான் பதவி. ஒதுக்கீடு எண்டு குடுத்தால் நாளைக்கு ஆரார் வந்து நிப்பினமோ?"

இரஞ்சிதம் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தார்.

"தலைவர், வாய்க்கால் கடைசியில இருக்கிற அப்புத்துரை அண்ணையின்ர காணிக்குக் கிழமையில இரண்டு நாள் முறைத்தண்ணி வைச்சது நீங்கள்தானே? ஏன், அவருக்குக் கமம் செய்யத் தெரியாதோ?"

"அதென்ன விசர்க்கதை? மேல்காணிக்காரர் மறிச்சால் அவருக்குத் தண்ணி எங்கால வரும்?"

"அதைத்தான் நானும் சொல்லுறன். எனக்கும் வேலை தெரியும். நீங்கள் மறிச்சுக்கொண்டு நிக்கிறியள்."

மண்டபம் கொல்லென்று சிரித்தது. அப்புத்துரை துள்ளி எழும்பினார். "நான் இரஞ்சிதத்தை முன்மொழியிறன்! முறை இல்லாட்டி என்ர வயலில மாடுதான் மேயும்!" இன்னொரு பங்குதாரரான மீனம்மா வழிமொழிந்தார். கனகலிங்கம் கையை உயர்த்தவேயில்லை. ஆனால் ஒதுக்கீட்டுக்கும் இரஞ்சிதத்துக்கும் சேர்த்துப் பாதிக்கு மேற்பட்ட கைகள் உயர்ந்தன.

செயலாளர் பேனாவை எடுத்தார். "பங்குப் புத்தகத்தில முத்துலிங்கம் எண்டுதான் கிடக்கு. அப்பிடியே எழுதட்டோ?"

இரஞ்சிதத்துக்கு வென்றும் தோற்றுவிட்டோமோ என்றிருந்தது.

கனகலிங்கம்தான் சினந்தார். "ஆரப்பா அந்த முத்துலிங்கம்? இவ்வளவு நேரமும் என்னோட சண்டை பிடிச்சவா இரஞ்சிதம். அந்தப் பேரை எழுதும்!"

இரஞ்சிதம் கதிரையை இழுத்துத் தலைவருக்குப் பக்கத்திலேயே போட்டு அமர்ந்தார்.