வியன்னா பஸ்ஸில் ஒரு காலி இடம்

லிபுஷேவுக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு பயம்தான்: நாலு பேர் என்ன நினைப்பார்கள்? மொராவியாப் பக்கம் ஒரு சின்ன ஊரிலிருந்து ப்ராக் தபால் ஆபீசுக்கு வேலைக்கு வந்தவள். வந்த புதிதில் அவள் பேச்சைக் கேட்டு யாரோ சிரித்துவிட்டார்களாம். அன்றோடு ஊர்ப் பேச்சையே தலைமுழுகினாள். அம்மா போனில் கூப்பிட்டாலும் பட்டணத்துப் பேச்சுதான். "யாரும்மா பேசறது?" என்று கேட்டாள் பெற்றவள். அதற்கும் இவளுக்குக் கோபம்தான் வந்தது, போங்கள்.

இப்படிப்பட்டவளுக்கு வாய்த்தவன் அலோய்ஸ். காலுறை போட்டு அதன்மேல் செருப்பு மாட்டுகிற ஆள். எங்கே கிளம்பினாலும் பையில் ரீசெக் இருந்தாக வேண்டும். தட்டிய பன்றிக்கறியை ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்து, இரண்டு ரொட்டிக்கு நடுவில் வைத்துக்கொள்வான். வண்டி ஊர் எல்லையைத் தாண்டுவதற்குள் பொட்டலத்தைப் பிரித்துவிடுவான். பாதி ப்ராக் அப்படித்தான் பயணம் போகிறது. ஆனால் லிபுஷேவுக்கு உயிர் போகும்.

அந்த வசந்தத்தில் ஆபீஸ்காரர்கள் சேர்ந்து இரண்டு நாள் வியன்னா போய்வருவதாக முடிவானது. திட்டம் போட்டது ரத்மிலா. பக்கத்து கவுண்டரில் உட்காருபவள், பாதி ஐரோப்பாவைச் சுற்றியவள். சாப்பாட்டு மேசையில் வரைபடத்தை விரித்தாள். முதல் நாள் அரண்மனை, சாயங்காலம் ராட்டினம், மறுநாள் ஓவியங்கள், அப்புறம் நல்ல காபிக்கடை.

"வீட்டுக்காரங்களையும் கூட்டிட்டு வாங்க. ஆனா ஒண்ணு, யாரும் ரீசெக்கைத் தூக்கிட்டு வராதீங்க. அரண்மனை வாசல்ல உட்கார்ந்து தின்னா, 'வந்துட்டாங்கய்யா செக் நாட்டுக்காரங்க'ன்னு வியன்னாக்காரன் சிரிப்பான்."

எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவள் லிபுஷே.

வீட்டுக்கு வந்தால், அலோய்ஸ் ஏற்கனவே பாதி வியன்னாவில் இருந்தான். "அந்த ராட்டினத்துல ஏறினா ஊர் முழுக்கத் தெரியுமாம் லிபுஷ்கா. நாம ரெண்டு பேரும் ஒரே பெட்டில ஏறிக்கணும்."

"பஸ் நிறைஞ்சு போச்சு. ஆபீஸ்காரங்களுக்கு மட்டும்தான் இடமாம்" என்றாள், கோட்டைக் கழற்றிக்கொண்டே.

அவன் அந்தக் கோட்டை வாங்கி ஆணியில் மாட்டினான். "சரி, அதனால என்ன. நீ போய்ட்டு வா."

மறுநாள் ரத்மிலாவிடம், "அவர் வரலையாம். வெளியூர்னாலே ஒரே அடம்" என்றாள். அங்கே ஒரு பொய், இங்கே ஒரு பொய். வெட்கக்கேடு என்னவென்றால், அதற்கப்புறம் அவள் நிம்மதியாக இருந்தாள்.

கிளம்புகிற காலையில் அலோய்ஸ்தான் அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் வரைக்கும் வந்தான். தோளில் ஒரு துணிப்பை வேறு. அதன் வாசனையே சொல்லிவிட்டது.

"ரீசெக்தான். உனக்கு மட்டுமில்ல, பஸ்ஸுக்கே பொரிச்சுட்டேன்."

அவள் பையைப் பிடுங்கி மறைப்பதற்குள் ரத்மிலா மூக்கை நீட்டிவிட்டாள். "இங்க கொடுங்க, பசி காதை அடைக்குது." தூக்கிவராதீர்கள் என்று சட்டம் போட்டவள்தான். படியில் நின்றபடியே ஒன்றைக் கடித்தாள். "என்ன ருசி! இவ்வளவு நல்ல மனுஷர், வர மாட்டேன்னு அடம் பிடிச்சீங்களாமே? உங்களுக்குன்னு நேத்து வரைக்கும் இடம் பிடிச்சு வெச்சிருந்தேன். இப்பவும் காலியாத்தான் கிடக்கு. ஏறுங்க."

அலோய்ஸ் மனைவியைப் பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தேவலை. ஏறட்டுமா என்று கேட்கிற மாதிரி பார்த்தான். 'வா' என்று ஒரு வார்த்தை போதும். அவளோ அவன் காலுறையைப் பார்த்தாள். பிறகு கைப்பையின் ஜிப்பைத் திறந்தாள், மூடினாள்.

அவனுக்குப் புரிந்துவிட்டது.

"ஆமாங்க, நான்தான் அடம் பிடிச்சேன்" என்றான் ரத்மிலாவிடம். "வெளியூர் எனக்கு ஒத்துக்காது." பையை லிபுஷே கையில் கொடுத்தான். "வெள்ளரி ஊறுகாய் அடியில இருக்கு. எல்லாருக்கும் கொடு."

பஸ் கிளம்பியது. அவள் காலி இடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். முகம் தீயாய் எரிந்தது. வெளியே அலோய்ஸ் ஜன்னல் ஜன்னலாகத் தேடி, அவளைக் கண்டுபிடித்துக் கையாட்டினான். அவளும் கையைத் தூக்கப் போனாள். பஸ்ஸில் எல்லோரும் பார்ப்பார்களே என்று இறக்கிக்கொண்டாள். இப்போதும் இப்படி நினைத்துவிட்டோமே என்று நெஞ்சு சுட்டு அவள் திரும்பிப் பார்ப்பதற்குள், பஸ் தெருவைத் தாண்டியிருந்தது.