மாடிக்கு வழி சொன்னவர்

தி.நகர் துணிக்கடை ஒன்றில் கதவு திறந்துவிடுகிறவர் அவர். பேசும்போது வாசல் தூணைத் தடவிக்கொண்டே இருப்பார். நெல்லூரிலிருந்து வந்த அவர் தாத்தா கல் சுமந்து கட்டிய கடை அது. முதலாளியின் தாத்தாவும் திருநெல்வேலியிலிருந்து வெறுங்கையோடுதான் வந்தாராம்.

“அவுங்க ஊர்க்காரங்கள கடை மாடியில தங்கவெச்சு ஆளாக்குனாங்க சார். நாங்களும் எங்காளுங்கள இட்டாந்து ஆத்தோரமா பக்கத்துல பக்கத்துல குடிசை போட்டுக் குடுத்தோம். அத்த கவர்மென்ட்டுல இடிச்சிட்டு, குலுக்கல் போட்டு வீடு குடுத்து, ஊருக்கு வெளிய ஆளுக்கொரு பிளாக்ல தள்ளிட்டாங்க. இப்ப பக்கத்து வீட்ல யாருன்னே தெரியாது.”

அப்போது பெட்டியோடு ஒருவர் வந்து தயங்கி நின்றார். வேலைக்கு வந்திருப்பதாகச் சொன்னார்; தெற்கத்திப் பேச்சு. இவர் கதவைத் திறந்தார்.

“மாடிக்குப் போ நைனா. உங்காளுங்க கீறாங்க.”

வந்தவர் படியேறி மறைந்த பிறகும் இவர் கதவைப் பிடித்தபடியே நின்றார்.